மாற்கு யாருக்காக எழுதினார்?

இயேசுவின் வாழ்வைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு நற்செய்தி நூல்கள் யாருக்காக எழுதப்பட்டவை என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் உடனே "எல்லோருக்கும்" என்பார்கள். விசுவாசத்தின்படி அது சரி. ஆனால் கி.பி. 70ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாற்கு எழுத உட்கார்ந்தபோது அவர் மனதில் சில முகங்கள் இருந்திருக்கும், அந்த முகங்களைத் தேடுவதால் விசுவாசம் குறையாது, கூடும் என்றே நான் நம்புகிறேன்.

எழுதியவர் எதை விளக்குகிறார், எதை விளக்காமல் போகிறார் என்று பாருங்கள். மாற்கு 7ஆம் அதிகாரத்தில், யூதர்கள் கை கழுவாமல் சாப்பிடமாட்டார்கள், கிண்ணம் செம்பு எல்லாம் கழுவுவார்கள் என்று கதையை நிறுத்திவிட்டுச் சொல்கிறார். அப்படியானால் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் யூதர் இல்லை. அதே சம்பவத்தை மத்தேயு 15இல் சொல்லும்போது அந்த விளக்கம் கிடையாது, அவருடைய சனத்துக்கு அது வீட்டுப் பழக்கம். முடக்குவாதக்காரரைக் கூரை வழியாக இறக்கும் இடத்தில் மாற்கு கூரையைத் தோண்டினார்கள் என்கிறார், அதாவது கலிலேயாவின் மண் கூரை. லூக்காவில் அது ஓடாகிவிடுகிறது. ஓட்டு வீடுகளைப் பார்த்துப் பழகிய பட்டணத்து ஆட்களுக்காக அவர் மாற்றிச் சொல்லியிருக்கிறார் என்று ஆய்வாளர்கள் சொல்வது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் ரூபு. சிலுவை சுமந்த சீரேன் ஊர் சீமோனை, அலெக்சாந்தருக்கும் ரூபுக்கும் தகப்பன் என்று மாற்கு அறிமுகப்படுத்துகிறார். ஒருவரை இன்னாருடைய தகப்பன் என்று நாங்கள் எப்போது சொல்வோம்? கேட்கிறவருக்குப் பிள்ளைகளைத் தெரியும் என்றால்தானே. மத்தேயுவும் லூக்காவும் அந்தப் பெயர்களை விட்டுவிட்டார்கள். பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரத்திலும் ஒரு ரூபு வருகிறார். அதே ஆள்தானா என்று நிரூபிக்க முடியாது, ஆனால் மாற்கு உரோமையில் எழுதினார் என்ற பழைய மரபோடு அது ஒத்துப்போகிறது.

1998இல் ரிச்சர்ட் போக்கம் என்ற ஆங்கிலேய அறிஞர் இந்த வகைத் தேடலையே கேள்விக்குள்ளாக்கினார். அன்றைய சபைகள் தனித்தீவுகள் அல்ல, ஆட்கள் ஊர்விட்டு ஊர் போய்வந்தார்கள், ஆகவே நற்செய்திகள் எல்லாச் சபைகளிலும் சுற்றிவரவே எழுதப்பட்டன என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பக்கத்திலிருந்த சனத்தை மனதில் வைத்துத் தொடங்கியது பிறகு எல்லா இடமும் போயிருக்கலாம்தானே.

சரி, வன்னியில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், மாற்கு 13ஆம் அதிகாரத்துக்காக. வரப்போகும் பேரழிவைப் பற்றி இயேசு அங்கே சொல்கிறார்: யூதேயாவில் இருப்பவர்கள் மலைகளுக்கு ஓடட்டும், கூரைமேல் இருப்பவர் எதையும் எடுக்க வீட்டுக்குள் போகவேண்டாம், வயலில் இருப்பவர் மேலாடையை எடுக்கத் திரும்பவேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் ஐயோ, இது மாரியில் நடக்காதபடி மன்றாடுங்கள். மத்தேயு அதோடு, யூதர்கள் நெடும்பயணம் போகாத ஓய்வுநாளையும் சேர்க்கிறார், அவர் யாரோடு பேசுகிறார் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிகிறது. எங்கள் பங்குகளில் ஓய்வுநாளை, தொழுகைக்கூடத்தை, பரிசேயரையெல்லாம் சுவாமி விளக்கவேண்டும். மாரியை விளக்கத் தேவையில்லை. 2008 நவம்பரில் நிஷா புயல் மழை கொட்டியபோது தரப்பாளுக்குக் கீழே வெள்ளத்தில் நின்ற சனம் இது, போரில் கைக்குழந்தைகளோடு பங்கர் பங்கராக முள்ளிவாய்க்கால் வரை போன சனம் இது. உரோமைப் படை எருசலேமை நெருங்கிய காலத்தில் அந்த வரிகளைக் கேட்டவர்களுக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அது எங்களுக்கென்று எழுதப்படவில்லை, அதை நான் மறக்கவில்லை, ஆனால் அந்த முதல் ஆட்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்பதை உலகத்தின் எத்தனையோ பல்கலைக்கழக வகுப்புகளைவிட இங்கே இருக்கும் ஒரு தாய் கிட்டத்தில் நின்று சொல்வார்.

அதே அதிகாரத்தில் 'வாசிப்பவர் புரிந்துகொள்ளட்டும்' என்று ஓர் இடைச்செருகல் உண்டு. அன்று பெரும்பாலானவர்களுக்கு எழுத்துத் தெரியாது, ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். மாற்கு முழுவதையும் நிறுத்தாமல் வாசித்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். தவக்காலத்தில் ஒரு மாலை, பிரசங்கம் எதுவும் இல்லாமல், கோவிலில் அப்படி வாசிக்க எந்தப் பங்காவது முன்வந்தால் நான் வாசிக்க வருகிறேன். வாசித்து முடிந்ததும் முதலில் வயதானவர்களைப் பேசவிட வேண்டும்.