நிற்கும்போது மட்டும் ஒழுகிய கியர்பாக்ஸ்

அப்பாவின் கார் 2003 மாடல். ஜப்பான் கம்பெனி செடான், நாலு கியர் ஆட்டோமேட்டிக். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு அவரால் கிளட்ச் மிதிக்க முடியாது. காய்கறிக்கடைக்கோ கோயிலுக்கோ யாரையும் எதிர்பார்க்காமல் அவர் போய்வருவது இந்த வண்டியால்தான். அதனால் போன தை மாதம் போர்டிகோ தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

முதல் கேள்வி, இது எந்த ஆயில்? இன்ஜின் ஆயில் ஓடிய வண்டியில் கறுத்திருக்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சிவப்பாக இருந்தாலும் விரலில் தொட்டால் தண்ணீர் போல ஓடும், வழவழப்பு நிற்காது. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலில் அடையாளத்துக்காகவே சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பவர் ஸ்டியரிங்கிலும் இதே சிவப்பு ஆயில்தான் ஊற்றுவார்கள். அது ஒழுகினாலும் கியர்பாக்ஸ் மேல் வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். ஸ்டியரிங் ஆயில் டப்பாவில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். இரண்டு வாரம் ஆகியும் கோட்டிலிருந்து இறங்கவில்லை. அப்படியானால் கியர்பாக்ஸ்தான்.

கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் கம்பியைப் பார்ப்பதற்கு முறை உண்டு. எங்கள் வண்டிக்கு, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் வந்து, P-யில் (பார்க்கிங்) வைத்து, இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். சில கம்பெனி வண்டிகளில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்வார்கள்; கையேட்டைப் பார்ப்பதே சரி. எங்கள் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. காலையில் D-யில் (முன்னால் ஓட்டும் நிலை) போட்டால் வண்டி ஒரு நொடி தயங்கித்தான் பிடித்தது. ஆயில் குறைந்த கியர்பாக்ஸைத் தொடர்ந்து ஓட்டினால் உள்ளே கிளட்ச் தகடுகள் வழுக்கித் தேய்ந்துவிடும். அளவுக்கு ஊற்றிவிட்டுத்தான் தேடத் தொடங்கினேன்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் டார்ச் அடித்து ஒரு பார்வை பார்த்தார்கள். “ஃப்ரன்ட் சீல் போயிருக்குங்க. கியர்பாக்ஸ எறக்கணும், 38,000 ஆகும்.” சீல் என்பது ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்; இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூட்டுக்குள் இருக்கிற சீல் அது. போயிருந்தால் இறக்கத்தான் வேண்டும், தப்பில்லை. ஆனால் அடிப்பக்கம் முழுக்க ஆயிலும் புழுதியும் அப்பியிருக்கும்போது எந்த சீல் என்று எப்படிச் சொல்ல முடியும்? இன்னொரு இடத்தில் ஆயில் பேன், அதாவது கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு, அதன் பேக்கிங்கை மாற்றினார்கள். மாற்றியவர் போல்ட்டுகளைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினார். அவை சின்ன போல்ட்டுகள், 10 நியூட்டன் மீட்டருக்குள் நின்றுவிட வேண்டியவை. அதிகம் முறுக்கினால் பேக்கிங் பிதுங்கும், தகடு வளையும். நல்லவேளை, பேன் தப்பித்தது. ஒழுகல் மட்டும் நிற்கவில்லை.

அதன் பிறகு நானே இறங்கினேன். சனிக்கிழமை முழுக்கக் கழுவுவதிலேயே போனது. வண்டியைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் உட்கார வைத்து, பின் டயர்களுக்குக் கட்டை கொடுத்தேன். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்காதீர்கள். டிகிரீசர் அடித்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, ஒரு கிலோ பனியன் வேஸ்ட் தீரும்வரை துடைத்தேன். கியர்பாக்ஸின் அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தபோதுதான் நிறுத்தினேன். இந்த வேலையைச் செய்யாமல் கசிவைத் தேடுவது வீண். ஓடும்போது எதிர்க்காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், பிறகு அது கீழே இறங்கும். சொட்டு விழும் இடம் ஒன்று, ஊறும் இடம் வேறு. ஈரம் எங்கே முடிகிறது என்பது முக்கியமில்லை, எங்கே உயரத்தில், எங்கே முன்னால் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

அடியில் அட்டை விரித்து, தினமும் காலையில் பார்த்து, சொட்டு இருந்தால் அதைச் சுற்றித் தேதி எழுதினேன். மூன்றாவது வாரம் அந்த அட்டையே விடையைக் காட்டியது. தினமும் வண்டி ஓடிய நாட்களில் சொட்டே இல்லை. அப்பா ஊருக்குப் போய் வண்டி நாலு நாள் நின்றபோது உள்ளங்கை அகலத்துக்குக் குளம்.

அழுத்தத்தால் வரும் கசிவு ஓடும்போது அல்லவா கூட வேண்டும்? கியர் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தால் இன்ஜின் ஓடும்போதுதான் பீறிடும். இது தலைகீழாக இருந்தது. காரணம் டார்க் கன்வெர்ட்டர், இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம். இன்ஜின் ஓடும்போது பம்ப் ஆயிலை இழுத்துக் கன்வெர்ட்டரை நிரப்பி வைக்கும், அதனால் கீழே பேனில் அளவு தாழ்ந்திருக்கும். அணைத்த பிறகு கன்வெர்ட்டரில் இருப்பது மெல்ல மெல்லக் கீழே திரும்பும். வயதான கியர்பாக்ஸில் உள்ளே இடைவெளிகள் தேய்ந்திருப்பதால் இன்னும் அதிகமாக வடியும். நின்ற அரை மணி நேரத்தில் டிப்ஸ்டிக் காட்டியதையும் நாலாம் நாள் காட்டியதையும் ஒப்பிட்டேன். இரண்டு விரல்கடை ஏறியிருந்தது. அப்படியானால் ஓடும்போது ஆயில் மட்டத்துக்கு மேலேயும், நாள்கணக்கில் நிற்கும்போது மட்டத்துக்குக் கீழேயும் போகிற ஏதோ ஒரு சீல்தான் காரணம். டிப்ஸ்டிக் குழாய் உள்ளே நுழையும் இடத்து ரப்பர் வளையமாக இருக்கலாம், அல்லது கியர் லீவர் கேபிள் வந்து சேரும் தண்டின் ஆயில் சீலாக இருக்கலாம்.

இரண்டு இடத்தையும் துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தட்டிவிட்டு, மூன்று நாள் வண்டியை எடுக்கவில்லை. கைக்கண்ணாடியை நீட்டி டார்ச் அடித்தேன். டிப்ஸ்டிக் குழாய் பக்கம் பவுடர் அப்படியே வெள்ளை. தண்டின் அடியில் மட்டும் சிவப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. “கண்டுபிடிச்சுட்டியா கண்ணு?” என்று அப்பா மேலே நின்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அந்த சீலை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. கோவை உக்கடத்தில் அளவு சொல்லி வாங்கினேன், 160 ரூபாய். கேபிளைக் கழற்றினால் P பிடிப்பு விட்டுப்போக வாய்ப்புண்டு, எனவே ஹேண்ட் பிரேக்கும் கட்டையும் கட்டாயம். தண்டின் மேல் இருக்கும் நியூட்ரல் சுவிட்ச்சைக் கழற்றும் முன் அது உட்கார்ந்த இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நகர்ந்துவிட்டால் P-யில் ஸ்டார்ட் ஆகாது. பழைய சீல் கல்லாக இறுகியிருந்தது. சின்ன ஸ்க்ரூவை அதன் தகட்டில் முறுக்கி இழுத்து எடுத்தேன், தண்டில் கீறல் விழக்கூடாது. புது சீலின் உதட்டில் கியர் ஆயில் தடவி, தண்டின் மரை மேல் டேப் சுற்றி நுழைத்து, அளவான சாக்கெட்டை வைத்து மெதுவாகத் தட்டி உட்கார வைத்தேன். மொத்தம் இரண்டு மணி நேரம்.

பிறகு அப்பாவோடு வால்பாறை போய்வந்தேன். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், கியர்பாக்ஸ் நன்றாகச் சூடாகும் பாதை. திரும்பி வந்து ஐந்து நாள் நிறுத்தி வைத்தேன். அட்டை காய்ந்தே இருந்தது. வலது ஆக்ஸில் சீல் பக்கம் மட்டும் லேசாக ஈரம் தெரிகிறது, சொட்டாகச் சேரவில்லை. அங்கேயும் பவுடர் தட்டி வைத்திருக்கிறேன்.