வாட் எண்ணுக்கு அப்பால்: நல்ல ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர்

விலை உயர்ந்த ஸ்பீக்கர் ஒன்றை வாங்கியவுடன், அதற்கு எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு இசை கேட்க வரும் நண்பர்களின் முதல் கேள்வியும் அதுவே. ஸ்பீக்கர் இழுக்கும் மின்னோட்டத்தை ஆம்ப்ளிஃபயர் தடுமாறாமல் தருமா என்று பார்த்த பிறகே வாட் எண்ணுக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாட் கணக்கு எளிது. ஸ்பீக்கரின் உணர்திறன் 86 டெசிபல் என்றால், 8 ஓம் சுமையில் ஒரு வாட் கொடுக்கும்போது ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு ஒலி கிடைக்கும். நடுத்தர அளவுள்ள அறையில், 3 மீட்டர் தள்ளி அமர்ந்து இரண்டு ஸ்பீக்கர்களையும் கேட்டால் அது ஏறத்தாழ 80 டெசிபலாக இருக்கும். நிறைவாகப் பாட்டுக் கேட்க அதுவே போதும். ஆனால் நன்றாகப் பதிவான தவில் தனியில், ஓங்கி விழும் ஓர் அடி சராசரியைவிட 15 முதல் 20 டெசிபல் வரை உயரக்கூடும். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும் என்பதால், அந்த ஒரு கணத்துக்கு மட்டும் 30 முதல் 100 வாட் வரை தேவைப்படுகிறது.

இனிதான் முக்கியமான பகுதி. பெட்டியில் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறுகிறது. ஓரிடத்தில் 20 ஓம் வரை ஏறும், வேறோரிடத்தில் 3 ஓமுக்கு இறங்கும். 8 ஓமில் 100 வாட் தர மூன்றரை ஆம்பியர் போதும். அதே வோல்டேஜில் 3 ஓமுக்கு ஒன்பது ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஆகவே 8 ஓமில் 80 வாட்டும் 4 ஓமில் 150 வாட்டும் தரும் கருவியை, 8 ஓமில் 120 வாட் தந்து 4 ஓமைப் பற்றி எதுவும் சொல்லாத கருவியைவிட நான் நம்புவேன்.

கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரின் இனிமையை நானும் விரும்புகிறேன். எனினும் அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்ளிஃபயரின் உள்ளேயே இருக்கும் தடை, 2 ஓம் அளவில் இருந்தால், மேலே சொன்ன ஸ்பீக்கரில் சில ஸ்வரங்கள் மற்றவற்றைவிட மூன்றரை டெசிபல் வரை அடங்கிப்போகும். இம்பீடன்ஸ் அதிகம் ஏறி இறங்காத, உணர்திறன் மிகுந்த ஸ்பீக்கருக்கே அது பொருந்தும்.

வேலூரில் வெயிலையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். இடம், வலம் என ஒவ்வொரு சேனலுக்கும் 25 வாட் தரும், எப்போதும் மின்னோட்டம் ஓடிக்கொண்டேயிருக்கும் கிளாஸ் ஏ வகை ஆம்ப்ளிஃபயர், பாட்டு ஓடாதபோதும் 100 வாட்டுக்குக் குறையாமல் வெப்பமாக வெளியேற்றும். குளிரூட்டிய ஷோரூமில் அது உறைக்காது. அக்னி நட்சத்திரத்தில், கான்கிரீட் கூரையின் கீழ், 40 டிகிரி தாண்டிய பிற்பகலில் நன்றாகவே உறைக்கும். கருவியின் உள்ளேயிருக்கும் மின்தேக்கிகளின் ஆயுளும் அந்தச் சூட்டில் குறைகிறது. நம் ஊர் வீடுகளுக்கு, அதைவிடக் குறைவாகச் சூடாகும் வகைகளான நல்ல கிளாஸ் ஏபி அல்லது இன்றைய தரமான கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயரையே நான் பரிந்துரைக்கிறேன்.

வோல்டேஜ் குறைவதைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால், சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட ஆம்ப்ளிஃபயரின் உச்ச ஆற்றல் கால் பங்கு குறையும். ஒலி அளவில் அது ஒரு டெசிபலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். திடீரென்று ஏறும் வோல்டேஜிலிருந்து கருவியைக் காப்பதே அவசியம்.

சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்று கேட்டுப் பார்ப்பவர்கள், முடிந்தால் தங்கள் ஸ்பீக்கரையே எடுத்துச் செல்லட்டும். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிடும்போது சற்றே உரக்க ஒலிப்பதுதான் காதுக்குச் சிறந்ததாகத் தோன்றும். ஆகையால் சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டிலும் ஒரே வோல்டேஜ் வருமாறு ஒலியளவைச் சரிசெய்த பிறகே பாட்டைப் போடச் சொல்லுங்கள்.