மிஸ் பண்றதும் தேடுறதும்

போன கிழமை பாரிஸில இருக்கிற அக்காவின்ர மகள் அம்மாவுக்கு வட்ஸ்அப்பில ஒரு வொயிஸ் அனுப்பியிருந்தாள், ஆறு வயசு, "அம்மம்மா ஐ மிஸ் யூ" எண்டு மட்டும்தான், அம்மா அதை மூண்டு தரம் போட்டுக் கேட்டிட்டு மிஸ் எண்டா என்னடா எண்டு என்னட்டக் கேட்டா. அவவுக்கு மிஸ் எண்டா பள்ளிக்கூடத்து மிஸ்தான். நான் "நீங்க பக்கத்தில இல்லையெண்டு பிள்ளைக்குக் கவலையாம்" எண்டு ஏதோ சொல்ல, அம்மா சுளகில அரிசி புடைச்சுக்கொண்டே "அப்ப என்னைத் தேடுது எண்டு சொல்லன்" எண்டா.

அண்டையில இருந்து இந்தச் சொல் மனசுக்குள்ளயே நிக்கிது.

மிஸ்ஸை நாங்கள் எத்தினை விதமாப் பாவிக்கிறம். பரந்தன் சந்தியில பஸ்ஸை மிஸ் பண்றம், காசில்லாட்டி மிஸ்கோல் அடிக்கிறம், பாடம் எடுக்கிறவவை கலியாணம் முடிச்சு பேரப்பிள்ளை கண்டாலும் மிஸ் எண்டுதான் கூப்பிடுறம் (அந்த மிஸ் வேற வேரில வந்தது, மிஸ்ட்ரஸ் எண்டதின்ர சுருக்கம்). மற்ற மிஸ் பழைய இங்கிலீசில மிஸ்ஸன், வைச்ச குறி தவறிப்போறது எண்டு அர்த்தம். தவறினது, கையில கிடைக்காதது, பிறகு கிடைக்காததுக்காக மனசு நோகிறது எண்டு அந்த ஒரு சொல்லே கால ஓட்டத்தில நடந்து வந்திருக்கு. மருமகள் பள்ளிக்கூடத்தில படிக்கிற பிரெஞ்சில இன்னொரு விதம், "து ம மாங்க்" எண்டுவினம், நீ எனக்குக் குறையிறாய் எண்ட மாதிரி வரும், எனக்கு அது நல்லாப் பிடிச்சிருக்கு.

ஆனா எங்கட தேடுது இருக்கே, அது இன்னும் ஆழம். "எனக்கு உன்னைத் தேடுது" எண்டேக்க நான் ஒண்டும் செய்யேல்லை, பசிக்கிது, குளிருது மாதிரி அது தானா வாறது. "நான் உன்னைத் தேடுறன்" எண்டா எழும்பி நடக்கிறன், விசாரிக்கிறன். சொல் ஒண்டுதான். கண்டுக்குட்டி தாயைத் தேடுது எண்டு சொன்னா கத்திக்கொண்டு திரியுறதும் அதுதான், உள்ளுக்க கிடந்து ஏங்கிறதும் அதுதான்.

இதை நான் வடிவா விளங்கிக்கொண்டது கிளிநொச்சியில. கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால 2017 பெப்ரவரி 20இல, காணாமல் ஆக்கப்பட்ட தங்கட பிள்ளையள் எங்க எண்டு கேட்டு அம்மாமார் போராட்டம் தொடங்கினவை. பிறகொரு நாள் வெளியில இருந்து வந்த ஒராளுக்கு மொழிபெயர்க்க நான் போயிருந்தன். ஒரு அம்மா மகன்ர படத்தை மடியில வைச்சிருந்தவா, லேமினேற் பண்ணினது, மூலையெல்லாம் பிரிஞ்சு உள்ளுக்க தண்ணி போய் சேட்டின்ர நிறம் வெளிறிப்போய் இருந்தது. "எந்த நேரமும் அவனைத் தேடுறதுதான் தம்பி" எண்டா. நான் அவ மகனைத் தேடித் திரியுறா எண்டு இங்கிலீசில சொல்லிட்டன். வந்தவர் எங்கெங்க தேடினீங்கள் எண்டு கேட்டு எழுதத் தொடங்கிட்டார். அம்மா அவற்ற கொப்பியைப் பாத்திட்டு என்னைப் பாத்து, "பகல்ல நான் தேடுறன், ராவில எனக்குத் தேடுது, ரெண்டையும் சொல்லு" எண்டா. ரெண்டையும் சொல்ல எனக்கு அண்டைக்கு இங்கிலீசில ஒரு சொல் வரேல்லை.

இலங்கை அரசாங்கம் இப்பிடியான ஆக்களைத் தேட 2016ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சட்டத்தால ஒரு அலுவலகம் உண்டாக்கினது, அதின்ர பேரில இங்கிலீசில மிஸ்ஸிங் பேர்சன்ஸ், தமிழில காணாமற்போன ஆட்கள். அம்மாமார் அந்தப் "போன"வை ஏற்கிறேல்லை, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் எண்டுதான் பதாகையில எழுதுவினம். போறது தானாப் போறது, ஆக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும். மிஸ்ஸிங் எண்ட சொல்லில அந்த ஆள் இல்லை. இலக்கணம் படிச்ச ஆக்களை விட அவைக்கு இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும், நான் அவையின்ர பக்கம்தான், நான் எழுதுற இடமெல்லாம் ஆக்கப்பட்டோர் எண்டுதான் எழுதுறன்.

அம்மா பேத்திக்குத் திருப்பி வொயிஸ் போட்டவா, "எனக்கும் உன்னைத் தேடுதம்மா" எண்டு. நேற்று பதில் வந்தது, "அம்மம்மா, எனக்கு நீ தேடுது." பிழையாச் சொல்லிட்டாள், உன்னை எண்டு சொல்லிக்குடுங்கோ எண்டன். அம்மா வேண்டாமெண்டிட்டு ஃபோனைக் காதில வைச்சபடி முத்தத்துக்குப் போயிட்டா.