பிரசவ ரத்தப்போக்கு ஆய்வு: கையெழுத்திலிருந்து ஒன்றரை மாத ஊசி வரை

புதுச்சேரிக்குப் பிரசவத்துக்கு வருகிறவர்களில் பலர் கடலூர், விழுப்புரம் பக்கத்துக்காரர்கள். அவர்களை வைத்துப் பிரசவ ரத்தப்போக்கை அளக்கும் ஆய்வு நடத்தியதில் பிடிபட்ட விஷயங்களை, அடுத்து தீசிஸ் தொடங்கும் முதுநிலை மாணவர்களுக்காக எழுதுகிறோம்.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வராமல் சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) எண் கிடைக்காது. அந்த எண் வராமல் ஒருவரையும் சேர்க்கக் கூடாது. முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு பதியும் வழி 2018 ஏப்ரல் 1 முதல் இல்லை. எண்ணிக்கைக் கணக்கில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது: 200 பேர் தேவை, 20 சதவீதம் விட்டுப்போவார்கள் என்றால் 240 போதாது. 200-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும், 250 பேர்.

ஒப்புதலை லேபர் வார்டில் வாங்காதீர்கள். இடுப்புவலியில் துடிப்பவர் எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுவார். அது ஒப்புதல் இல்லை. 34 வாரத்தில் ஓபியிலேயே பேசி, படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். யார் எந்தக் குழுவில் என்பதைப் பிரிக்க ‘சமவாய்ப்பு முறை’ என்று படிவத்தில் இருந்தால் யாருக்கும் விளங்காது. ‘சீட்டுக் குலுக்கிப் போடுவது போல’ என்றால் விளங்கும். சொன்னதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். கைநாட்டு என்றால் ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் தொடக்கம் முதல் கூடவே இருக்க வேண்டும். மாமியார் தலையாட்டுவது அந்தப் பெண்ணின் சம்மதம் ஆகாது.

37 வாரம் முடிந்தவர்களை மட்டும் சேர்ப்பதாக இருந்தால் தேதியில் கவனம் தேவை. கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள் என்று கேட்டால், சிலர் மூன்றாம் நாள் குளித்த தேதியைச் சொல்வார்கள். உதிரம் பட்ட முதல் நாள் எது என்று கேளுங்கள். மாசி மகத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் பலருக்கு நினைவு வரும். முதல் மூன்று மாத ஸ்கேன் இருந்தால் அதோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள்.

அதிகம் கெட்டுப்போவது அளவுதான். கண்மதிப்பை நம்பாதீர்கள், ரத்தம் கூடக்கூட நம் மதிப்பு குறைந்துகொண்டே போகும். குழந்தை வெளியே வந்து பனிக்குட நீர் வடிந்த பிறகே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்கடியில் வைக்க வேண்டும். முந்தினால் நீரும் சேர்ந்து, அதிக ரத்தப்போக்குக்கு எல்லையான 500 மில்லியைத் தாண்டியதாகக் காட்டும். நனைந்த துணியின் எடையில் உலர்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமை ஒரு மில்லியாக எடுத்துக்கொள்ளலாம். துணியின் உலர் எடையை ஒவ்வொரு கட்டு மாறும்போதும் புதிதாகப் பார்க்க வேண்டும். இதை விட்டால் ஒரு மாதத்துக் கணக்கே பயனற்றுப் போகக்கூடும். தையல் போடும்போது வரும் ரத்தம் கணக்கில் சேருமா என்பதை முன்பே எழுதிவைத்துவிடுங்கள்.

ரத்தம் நிற்காவிட்டால் அளவு முடியட்டும் என்று ஒரு நொடியும் காத்திருக்கக் கூடாது. ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் நரம்பில் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது. பிரசவமாகி 3 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. சிகிச்சை முதலில், படிவம் பிறகு.

பிரசவமாகி 42-ஆம் நாள் மறுபரிசோதனைக்குத்தான் ஆட்கள் காணாமல் போவார்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போனவரின் முகவரி மாறியிருக்கும், படிவத்தில் இருப்பதோ கணவரின் எண். சேர்க்கும் அன்றே தாய்வீட்டு ஊர், அம்மாவின் எண், தமிழ்நாட்டவர் என்றால் பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) மூன்றையும் வாங்குங்கள். குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போட எப்படியும் வருவார்கள். அந்த நாளோடு நம் மறுபரிசோதனையைச் சேர்த்து, முன்பின் 7 நாள் இடைவெளியை ஆய்வுத் திட்டத்திலேயே கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள்.