வாசல் கோலம்: இதுவரை கை வந்தது

அம்மாவுக்கு முட்டி தேய்ந்து குனிய முடியாமல் போனதும் வாசல் கோலம் என் பொறுப்புக்கு வந்தது. மனைவி விடிகாலை ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிடுவார், எனக்கு அலுவலகம் பத்து மணிக்கு. நேர்ப்புள்ளி (ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாகப் புள்ளி) வைத்து எளிய கோலங்களில் தொடங்கி, இப்போது புள்ளிகளைச் சுற்றிக் கோடு பின்னிப் போகும் சிக்குக் கோலத்தில் நிற்கிறேன்.

முதலில் பொடி. அரிசிமாவு ரொம்ப நைசாக இருந்தால் விரலிடுக்கில் கட்டிக்கொள்கிறது. கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்தால் ஒழுங்காக இறங்குகிறது. கடையில் விற்கும் கல்பொடி கனமானது, லேசான காற்றிலும் நேராக விழும், பழக அதுதான் சுலபம். ஆனால் எறும்புக்கு அதில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குக் குறை. சரி, இரண்டையும் கலந்து சமாதானமாகிவிட்டோம். அப்புறம், குந்தி உட்கார்ந்து போட்டால் வைத்த புள்ளியை நம் காலே அழிக்கும். நின்றபடி இடுப்பிலிருந்து குனிய வேண்டும். இடுப்பு இன்னும் ஒத்துழைக்கவில்லை.

அம்மா வாசற்படியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். "ஏன் இந்தப் பக்கம் திரும்பணும்?" என்று கேட்டால் பதில் வராது. "புள்ளியைப் பாருடா, அது சொல்லும்" என்பார். அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் எழுதி வாங்கும் ஆளுக்கு இது பெரிய சோதனை. ஆகவே நோட்டில் போட்டுப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடு குறுக்கே வெட்டிப் போகும்படி போட்டால், நான்குக்கு ஐந்து புள்ளியில் (நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து) ஒரே இழையாக முடிகிறது. நான்குக்கு நான்கில் நான்கு தனித்தனிச் சுற்று. நான்குக்கு ஆறில் இரண்டு. எட்டிப் பார்த்த மகள், "அப்பா, இது மீப்பெரு பொதுக் காரணி!" என்றாள். அதேதான்: இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை சுற்று. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1970களிலேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதியவர். அவர் வேலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை, ஆனாலும் எனக்குப் பெருமைதான்.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "நாலுக்கு நாலு தனித்தனியாத்தான் வரும். ரெண்டு சுத்து வெட்டிக்கிற இடத்துல வெட்டாம வளைச்சு விடு, ஒண்ணாயிடும்." போட்டுப் பார்த்தேன், ஆனது. இது இவ்வளவு நாளாக அவருக்குத் தெரியும், கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒன்று கவனித்தேன். நான் எப்படி இழுத்தாலும் என் கோட்டை அம்மா திருத்துவதில்லை. மடியில் கிடக்கும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அதே இடத்தைத் தானும் போட்டு, என் கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். மகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது இதைச் செய்து பார்க்கிறேன். அவள் நோட்டைத் தொடாமல், என் தாளில் அதே மாதிரி வேறொரு கணக்கைப் பக்கத்தில் போடுகிறேன். பின்னத்தில் நன்றாகவே வேலை செய்தது. வாய்க்கணக்கில் பலிக்கவில்லை, "நீயே சொல்லிடுப்பா, தூக்கம் வருது" என்று நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். சொல்லிவிட்டேன். எல்லா இரவும் பாடம் நடத்தும் இரவல்ல.

தெருவில் ஆரம்பத்தில் ஒரு மாதிரி பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா, "ஏன் தம்பி, வீட்ல யாரும் இல்லையா?" என்றார். நான் பதில் தேடுவதற்குள், "இருக்கோமே, நான்தான் உக்காந்து வேலை வாங்குறேன்" என்றார் அம்மா. இப்போது அதே அக்கா என் கோலத்தில் கோணல் கண்டுபிடித்துச் சொல்கிறார். அதை முன்னேற்றக் கணக்கில் வைத்திருக்கிறேன்.

அடுத்தது இடைப்புள்ளி, அதாவது மேல் வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராகக் கீழ் வரிசைப் புள்ளி: நடு வரிசையில் ஏழு, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து நாலில் நிறுத்துவது, மொத்தம் 37 புள்ளி. நோட்டில் வருகிறது, தரையில் நடு வரிசையைத் தாண்டியதும் சாய்கிறது. நடு வரிசையை முதலில் போட்டு இரண்டு பக்கமும் இறங்கச் சொல்லியிருக்கிறார் அம்மா. மார்கழிக்குள் அது வந்துவிட்டால் காவி வாங்கிக் கரை கட்டலாம் என்று இருக்கிறேன்.