இருபது நிமிடம், ஒரு போன்கூட இல்லை

பெங்களூரில் பி.யூ.சி. (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில், சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ‘தி கேட்சர் இன் தி ரை’ எங்காவது ஒரு மூலையில் கிடக்கலாம். சாலிஞ்சர் எழுதி 1951இல் வந்த நாவல். பெரியவர்கள் எடுத்தால் பத்துப் பக்கத்தில் மூடிவைத்துவிடுவார்கள். “எல்லாரையும் திட்டிக்கிட்டே இருக்கானே, இவனுக்கு என்ன குறை?” கதை சொல்கிற ஹோல்டனுக்கு, அது நடந்தபோது பதினாறு வயது, அப்பா வக்கீல், கையில் காசு இருக்கிறது. கேள்வி நியாயம்தான். பதிலைத் தேட நல்ல இடம் ஒன்பதாம் அத்தியாயம்.

பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவன் ராத்திரி ரயிலில் நியூயார்க் பென் ஸ்டேஷனில் இறங்கி, நேரே டெலிபோன் பூத்துக்குள் போகிறான். அண்ணன் ஹாலிவுட்டில் இருக்கிறான். தங்கை ஃபீபி இந்நேரம் தூங்கியிருப்பாள், அப்பாவோ அம்மாவோதான் போனை எடுப்பார்கள். தோழி ஜேனின் அம்மாவைக் கூப்பிட்டு ஜேனுக்கு எப்போது லீவு என்று கேட்கலாம், மனசு வரவில்லை. இன்னொரு தோழி சாலியின் அம்மாவுக்கு இவனைக் கண்டாலே ஆகாது. முன்பு படித்த ஒரு பள்ளியில் பழக்கமான கார்ல் லூஸை இவனுக்கே அவ்வளவாகப் பிடிக்காது. இருபது நிமிடம் உள்ளே நின்றுவிட்டு ஒரு போன்கூடப் பண்ணாமல் வெளியே வருகிறான். ஐந்து பேர், ஐந்து தடை. நாவலில் பல இடங்களில் இதே கணக்குதான். பின்னால் ஒருமுறை ஜேன் வீட்டுக்குப் போன் போட்டுவிடுகிறான், அவள் அம்மா எடுத்ததும் வைத்துவிடுகிறான்.

படிக்கும்போது பென்சிலால் குறிப்பதாக இருந்தால், ‘டிப்ரெஸ்டு’ என்ற சொல்லை எண்ணாதீர்கள். அதை அவன் தலைவலி மாதிரி எதற்கும் சொல்வான். சொல் வராத இடங்களில்தான் நோய் தெரிகிறது. தூங்குவதில்லை. சாப்பாடு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் டோனட் தொண்டையில் இறங்கவில்லை. மியூசியம் கழிப்பறையில் மயங்கி விழுகிறான். (நம் வீடுகளில் இதற்கும் ‘மன அழுத்தம்’ என்றே சொல்கிறோம். பரீட்சை நேரத்தில் வருவது அது. இது மனச்சோர்வு. பெயர் மாறினால் பார்க்கிற பார்வையும் மாறிவிடும். வீட்டில் நிஜமாகவே இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நாவலை ஓரமாக வைத்துவிட்டு 14416க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம்.)

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பவன் தம்பி அல்லி. 1946 ஜூலை 18, ரத்தப் புற்றுநோயில் போனான். வயது பதினொன்று. அன்று ராத்திரி பதிமூன்று வயது ஹோல்டன் கராஜில் படுத்து, ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் வெறும் கையால் உடைத்தான். அந்தக் கை இன்னமும் முழுசாக முஷ்டி மடங்காது, மழை வந்தால் வலிக்கும். இவ்வளவும் பலருக்கு நினைவிருக்கும். இருபதாம் அத்தியாயத்தில் போகிற போக்கில் வருகிற ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள்: அல்லியின் அடக்கத்துக்கு அவன் போகவில்லை. அந்தக் கைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தான். துக்க வீட்டில் உட்காராதவனுக்குத் துக்கம் எப்படி முடியும்? அதனால்தான் மனசு ரொம்ப கனக்கும்போது அல்லியிடம் சத்தமாகப் பேசுகிறான். “சைக்கிளை எடுத்துக்கிட்டு வா” என்கிறான். ஒருநாள் ‘நீ சின்னப் பையன்’ என்று சொல்லித் தம்பியை விட்டுவிட்டுப் போனதற்கு, அவன் செத்த பிறகும் கூட்டிக்கொண்டு போகிற ஏற்பாடு. தடையில்லாமல் பேச முடிகிற ஒரே ஆள் செத்தவன்.

இன்னொரு சாவும் உண்டு. பழைய பள்ளியில் பையன்கள் கூடித் துன்புறுத்த, ஜன்னலிலிருந்து குதித்துவிட்டான் ஜேம்ஸ் காசில். அவ்வளவாகப் பழக்கமில்லாத பையன்தான், ஆனால் அப்போது அவன் போட்டிருந்தது ஹோல்டனிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர். அவன் உடம்பைத் தூக்கிப் போனவர் ஆசிரியர் அன்டோலினி. கடைசி ராத்திரி ஹோல்டன் அடைக்கலம் தேடிப் போவதும் அவர் வீட்டுக்குத்தான். தூங்கிக்கொண்டிருந்தவனின் தலையை அவர் தடவ, பதறி எழுந்து ஓடிவிடுகிறான். தவறாக நினைத்துவிட்டோமோ என்று பிறகு உழல்கிறான். அவர் எண்ணம் என்ன என்பதை நாவல் தீர்த்துச் சொல்லவில்லை, நாமும் தீர்க்க வேண்டியதில்லை. பெரியவர்களில் மிச்சமிருந்த ஒரு கதவும் அங்கே சாத்திக்கொள்கிறது.

பெற்றோரைக் கல்நெஞ்சக்காரர்களாகப் படிப்பது தவறு. அம்மா ஸ்கேட்ஸ் வாங்கி அனுப்பியிருக்கிறாள், ஆனால் அவன் கேட்ட வகை இல்லை. பெட்டி கட்டும்போது அது கண்ணில் பட்டு மனசு உடைகிறான். பாசம் வருகிறது, முகவரி மாறி வருகிறது. அல்லி போனதிலிருந்து அவளுக்கும் தூக்கமில்லை, ராத்திரி முழுக்க சிகரெட். ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக விழித்திருக்கிறார்கள்.

ஃபீபி, பத்து வயசு, மட்டும்தான் நேராகக் கேட்கிறாள்: உனக்குப் பிடிச்சது ஒண்ணு சொல்லு பார்ப்போம். யோசித்தால் அன்று சந்தித்த இரண்டு கன்னிகாஸ்திரீகளும் ஜேம்ஸ் காசிலும் வருகிறார்கள். அல்லி என்கிறான். அவன்தான் செத்துட்டானே என்கிறாள். அவ்வளவு பேரில் அதை அவனிடம் சொன்னவள் அவள்தான். கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த 8 டாலர் 65 சென்டையும் அவள் கொடுக்கும்போது அழ ஆரம்பிக்கிறான், நிறுத்த முடியவில்லை.

கடைசிப் பக்கத்தில், கதையில் சொன்ன எல்லோரையும் மனசு தேடுகிறது என்கிறான். அப்படித் தேடுகிறவர்களாகப் பெயர் சொல்லுவது மூன்று பேரை. மூக்கில் ரத்தம் வர அடித்த ஸ்ட்ராட்லேட்டர், கூப்பிடாமலே அறைக்குள் நுழையும் ஆக்லி, ஐந்து டாலருக்காக வயிற்றில் குத்திய மாரிஸ். பூத்தில் நின்று யோசித்த ஐந்து பேரில் ஒருவர் பெயரும் அந்த வரிசையில் இல்லை.