மாசியில் காடு பார்க்கக் கிளம்பும் தங்கச்சிமடத்துக்காரர்கள்

பிப்ரவரி மூன்றாம் வாரம் ஐந்து நாள் லீவு சொல்லியாகிவிட்டது. அப்பா, அம்மா, நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், ஆக ஆறு பேரும் காரில் கிளம்பி மலைப்பக்கம் உள்ள தேசியப் பூங்காக்களைப் பார்த்துவிட்டு வருவது என்று திட்டம். ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் கேட்டார்: "தேசியப் பூங்கான்னா, நம்மள உள்ள விடமாட்டோம்பாங்களே, அதான?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. எங்கள் ஊர் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடம். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் வரிசையாகக் கிடக்கிற 21 தீவுகளையும் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டர் கடலையும் 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டுப் பவளப்பாறை, கடல்பசு என்று ஆசையாகக் கேட்பார்கள். அம்மாவுக்கு அது பூங்காவும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் பாசி எடுத்த தீவு, பிறகு போகக்கூடாது என்று ஆகிப்போன தீவு. அவ்வளவுதான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முழங்கால் போகும்வரை அம்மா பாசி எடுத்தார். பத்து விரலுக்கும் பழந்துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணுக்கு ரப்பர் பட்டை வைத்த முங்குகிற கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிக் கல்லில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்பில் கட்டிய வலைப்பையில் போடவேண்டும். அந்தப் பாசியிலிருந்துதான் ஐஸ்கிரீமிலும் மாத்திரையிலும் போடுகிற அகர் எடுக்கிறார்கள். பக்கத்துச் சின்னப்பாலத்தில் இதே வேலை செய்கிற லட்சுமி என்பவருக்கு 2015-இல் சீக்காலஜி என்ற வெளிநாட்டு விருதே கிடைத்தது. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று பாசி எடுக்கும் பெண்கள் தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அம்மாவின் கண்ணாடி இன்னும் அடுப்படிச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. பட்டை வெடித்துப்போய், தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன்.

ஏன் மாசி என்று எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் ஊர்சுற்றுவது என்றால் மீன்பிடித் தடைக்காலத்தில்தான், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், அப்போதுதான் ஆளுக்கு ஓய்வு. ஆனால் மே மாதம் மலை ஏறினால் மரத்தைவிட மனிதத் தலைதான் அதிகம் தெரியும், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024-லிருந்து இ-பாஸ் வேறு. மார்ச் பிறந்தால் என் அக்கா மகளுக்குப் பொதுத்தேர்வு, வீடே மூச்சுவிடாது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவோ பிப்ரவரிக் கடைசி அல்லது மார்ச்சில் வரும், அதற்கு அப்பா போகாத வருஷம் அவர் கணக்கில் வருஷமே இல்லை. இதற்கெல்லாம் நடுவில் கிடைத்த சந்துதான் இந்த ஐந்து நாள். தவக்காலமும் சேர்ந்துகொள்ளும்போல, அதனால் அம்மா சுத்தபோசனம். போகிற வழியில் மட்டன் பிரியாணி என்ற பேச்சுக்கே இடமில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் இதை வசந்தத் தொடக்கம் என்பார்கள். நம் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். கடலில் வாடைக்காற்று ஓய்ந்து தண்ணீர் தெளிகிற நேரம். காட்டுக்கு இந்த இரண்டு மாதமும் எப்படி என்று நான் யோசிக்கவே இல்லை, முதலில் போட்ட திட்டம் அங்கேதான் உடைந்தது.

முதல் திட்டத்தில் மூணாறுதான் நடுநாயகம். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்க்கவேண்டும் என்று என் மகன் ஒற்றைக்காலில் நின்றான், நம் மாநில விலங்கு ஆயிற்றே. லாட்ஜுக்குப் பணம் கட்டப் போகிற நேரத்தில்தான் தெரிந்தது, வரையாடு குட்டி போடுகிற காலம் என்று வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் இரவிகுளத்தைப் பூட்டிவிடுவார்கள். மகனுக்கு முகம் சுண்டிப்போனது. அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார்: "நமக்கு ரெண்டு மாசம் தடைக்காலம் மாதிரி ஆட்டுக்கும் வச்சிருக்கான். சரிதான." நான் ஒரு வாரமாக இணையத்தில் தேடிப் புரிந்துகொண்டதை அவர் தட்டைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டார்.

இரண்டாவது விஷயம் தீ. மாசி பங்குனியில் இலையுதிர்க் காடுகள் சருகாகக் கிடக்கும், ஒரு பீடித்துண்டு போதும். 2018 மார்ச் 11 அன்று தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் மாட்டி இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் இந்தக் காலத்தில் நடைப்பயணத்தைத் திட்டத்திலேயே வைக்காதீர்கள். சபாரி வண்டியைக்கூட எந்த நாளும் நிறுத்திவிடலாம். கிளம்புகிற அன்று காலை வரைக்கும் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளவேண்டும், பணம் திரும்பக் கிடைக்காத அறையாக முன்பதிவு செய்யக்கூடாது. இரண்டாவதை நான் என் காசில் கற்றுக்கொண்டேன், எந்த ஊர் எந்த லாட்ஜ் என்று கேட்காதீர்கள்.

முதுமலையையும் வெட்டினேன். ஆசைதான், ஆனால் இங்கிருந்து போய்வரவே இரண்டு நாள் போய்விடும், தெப்பக்காடு வழியாகப் போகிற ரோட்டை இரவு 9-லிருந்து காலை 6 வரை பூட்டிவிடுவார்கள். கணக்குப் பார்த்தால் பிள்ளைகள் யானையைவிடக் காரின் முன்சீட் முதுகைத்தான் அதிகம் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் தேசியப் பூங்கா மொத்தம் ஐந்து: கிண்டி, மன்னார் வளைகுடா, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை. ஐந்தையும் ஒரே மூச்சில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஏழு மாதா கோயிலுக்கு நேர்ச்சை வைத்து ஓடுகிற மாதிரி, எங்கேயும் முட்டிபோடக்கூட நேரமிருக்காது.

மிஞ்சியது இரண்டு: கேரளத்துப் பெரியாறு தேசியப் பூங்காவில் இருக்கிற தேக்கடி, நம் ஆனைமலையில் இருக்கிற டாப்ஸ்லிப்.

தேக்கடிக்குப் போகிற வழிதான் இந்தத் திட்டத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி. வைகை எங்கள் பக்கம் ஆற்றங்கரை என்ற ஊரில்தான் கடலைத் தொடுகிறது, தொடுகிறது என்பதே மரியாதைக்குச் சொல்வது, பாதி வருஷம் அங்கே மணல்தான். அங்கிருந்து பரமக்குடி, மானாமதுரை, மதுரை, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் என்று போனால் கிட்டத்தட்ட ஆற்றைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறுகிற மாதிரி. மேற்கே போய் அரபிக்கடலில் விழவேண்டிய பெரியாற்றை மறித்து 1895-இல் பென்னிகுவிக் அணை கட்டி முடித்து, மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினார். அந்தத் தண்ணீர்தான் வைகையில் சேர்கிறது, எல்லாரும் எடுத்தது போக மிச்சம் இருந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் வரும். தேக்கடியில் படகு விடுகிற ஏரி அந்த அணையின் நீர்த்தேக்கம்தான். நம் கண்மாய்க்கு வருகிற தண்ணீர் கிளம்புகிற இடத்தைப் பார்க்கப்போகிறோம் என்று சொன்னதும் அம்மா முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம். "அப்பக் கொடத்த எடுத்துட்டு வரவா?" என்றார், குடிதண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற தலைமுறை.

இந்த நேரத்தில் ஏரியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருக்கும், உள்காட்டில் ஓடைகள் வற்றுவதால் யானையும் காட்டெருமையும் கரைக்கு வரும். ஆக, மழைக்காலப் பச்சை வேண்டுமென்றால் இந்த மாதம் வராதீர்கள், விலங்கு வேண்டுமென்றால் வாருங்கள். காலையில் முதல் படகுதான் நல்லது, வெயில் ஏறினால் விலங்கு நிழலுக்குப் போய்விடும். அப்பாதான் பிரச்சினை. நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர் லைஃப் ஜாக்கெட் போடமாட்டேன் என்கிறார், "குளத்துலயா முங்கப்போறேன்?" 2009-இல் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டது: "எல்லாரும் ஒரு பக்கமா எந்திரிச்சிருப்பாக. ரெண்டடுக்குப் படகா?" ரெண்டடுக்குதான் என்றேன். ஜாக்கெட் போடுவதாக ஒத்துக்கொண்டார்.

அங்கிருந்து திரும்பக் கீழே இறங்கி, வத்தலக்குண்டு, பழனி, பொள்ளாச்சி. ஒரு பகல் முழுக்க ரோடுதான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. டாப்ஸ்லிப் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. சேத்துமடை செக்போஸ்டில் பிளாஸ்டிக் எடுத்து வைத்துவிடுவார்கள், சிப்ஸ் பாக்கெட்டை டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் கட்டுவதற்கும் ரயில்பாதைக்கும் தேக்கை வெட்டி மேலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடம், அதனால்தான் அந்தப் பெயர். மொட்டையடித்த மலையில் மறுபடி தேக்கு வளர்த்த ஹியூகோ வுட் என்கிற காட்டிலாகா அதிகாரியின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. வள்ளத்துக்கு மரம் தட்டிப் பார்த்தே பழகிய அப்பாவுக்கு யானை முகாமைவிட இதில்தான் ஆர்வம். மாசியில் தேக்கு இலையைக் கொட்டிவிட்டு நிற்கும், தண்டை நன்றாகப் பார்க்கலாம்.

கார் விஷயம் முக்கியம். கடற்கரை வண்டியை மலையில் ஏற்றுவதற்கு முன்னால் கட்டாயம் அடியில் பாருங்கள், உப்புக்காற்று மேலே பெயிண்டில் ஒன்றும் தெரியவிடாமல் கீழே தின்றுகொண்டிருக்கும். எங்கள் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிய மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் பிரேக் பைப்பை லேசாகச் சுரண்டினார், பக்கு பக்காகத் துரு உதிர்ந்தது. "அண்ணே, இது காரா, கரையில ஏத்திப்போட்ட போட்டா?" என்றார். பைப்பையும் ஹேண்ட்பிரேக் கேபிளையும் மாற்றியாகிவிட்டது. நான் இதுவரை ஓட்டி ஏறிய பெரிய மேடு பாம்பன் ரோட்டுப் பாலம். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறுகிற கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தால் இப்போதே கை வேர்க்கிறது. ஏறிய கியரிலேயே இறங்கு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே, ஏறுகிற வண்டிக்கு வழி விடு, இந்த மூன்றையும் மனைவி எனக்கு ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். அலையில் தலைசுற்றாத அம்மாவுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும், எலுமிச்சம்பழம் தனிப்பையில்.

ஐந்தாவது நாளை வீட்டுக்குத் திரும்பிப் படுப்பதற்கென்று வைத்திருந்தேன். மகள்தான் கேட்டாள், நம்ம ஊர்ப் பூங்காவை மட்டும் ஏன் விட்டுட்டீங்க என்று. குந்துகால் துறையிலிருந்து குருசடைத் தீவுக்குச் சுற்றுலாப் படகு விடுகிறார்கள். தண்ணீர் தெளிந்திருக்கிற மாதமும் இதுதான். தனுஷ்கோடி போகிற வழியில் பூநாரைகளும் இன்னும் நிற்கும். ஆறு டிக்கெட் கேட்டு வைக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"டிக்கெட்டா? எம்புட்டாம்?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய் அடுப்படி ஆணியிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்துவந்து முந்தானையால் துடைத்துக்கொண்டே, "இதுக்கு ராம்நாட்டுல ரப்பர் பட்டை கெடைக்குமான்னு கேளு" என்றார்.